எத்தனை பேக் பிரித்தால் வரும்?

ஹார்த்ஸ்டோன் என்னும் டிஜிட்டல் கார்டு விளையாட்டில் ஒரு பேக்குக்கு ஐந்து கார்டுகள். கார்டுகளின் தரம் காமன், ரேர், எபிக், லெஜண்டரி என்று ஏறும். ஐந்தில் ஒன்றாவது ரேர் தரத்துக்குக் குறையாமல் இருக்கும். சராசரியாக ஐந்து பேக்குக்கு ஓர் எபிக், இருபது பேக்குக்கு ஒரு லெஜண்டரி. 2014-இல் வந்த விளையாட்டு இது. ஆனால் இந்த எண்களை பிளிஸார்டு நிறுவனம் அதிகாரபூர்வமாக வெளியிட்டது 2017-இல்தான், அதுவும் சீனாவில். பணம் வாங்கிக்கொண்டு அதிர்ஷ்டத்தின் பேரில் பொருள் கொடுக்கும் விளையாட்டுகள் எல்லாம் வாய்ப்பு விகிதத்தைச் சொல்லியாக வேண்டும் என்று அந்த ஆண்டு மே மாதம் முதல் சீன அரசு விதி கொண்டுவந்ததால் வந்த வெளியீடு. அதற்கு முன்பே ஆட்டக்காரர்கள் தாங்கள் பிரித்த ஆயிரக்கணக்கான பேக்குகளைக் குறித்துவைத்து, கூட்டிப் பார்த்து, ஏறக்குறைய அதே எண்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

இருபதுக்கு ஒன்று என்று கேட்டதும் மனசு அதைத் தவணைக் கெடுவாக எடுத்துக்கொள்கிறது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது... வந்திருக்கணுமே, ஏன் வரலை? ஒவ்வொரு பேக்குக்கும் இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு என்று மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், நூறு பேர் ஆளுக்கு இருபது பேக் பிரிக்கும்போது சுமார் 36 பேருக்கு ஒரு லெஜண்டரிகூட வராது. தாயம் ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும். எதிராளியின் காய் பாதிக் கட்டங்களைத் தாண்டிப் போயிருக்கும். நமக்கு இன்னும் தாயமே விழுந்திருக்காது. இதுவரை எத்தனை முறை உருட்டினோம் என்பது கட்டைக்குத் தெரியாது.

அதனால்தான் விளையாட்டுக்குள் ஒரு எண்ணிக்கையை வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் 'பிட்டி டைமர்' என்று சொல்வது அதைத்தான். ஹார்த்ஸ்டோனில் பத்து பேக்குக்குள் ஓர் எபிக்கும் நாற்பது பேக்குக்குள் ஒரு லெஜண்டரியும் வந்தே தீரும். இந்த எண்ணிக்கை ஒவ்வொரு வெளியீட்டுக்கும், அதாவது புதிதாக வரும் ஒவ்வொரு கார்டுத் தொகுப்புக்கும், தனித்தனி. இதில் பதினைந்து, அதில் பதினைந்து என்று மாற்றி மாற்றிப் பிரிக்கிறவர் இரண்டு வரிசையிலும் பாதி வழியில் நிற்பார். விஷயம் தெரிந்தவர்கள் ஒரே வெளியீட்டைப் பிடித்துக்கொண்டு போவார்கள். தெரியாத புதியவர்தான் காசைச் சிதறவிடுவார்.

என் அக்கா மகன் ஆடுவது போகிமான் டிசிஜி பாக்கெட். 2024 அக்டோபர் கடைசியில் வந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று வீதம் நாளைக்கு இரண்டு பேக் இலவசம். திரையில் பேக்குகள் வட்டமாகச் சுற்றும். விரலால் தள்ளிச் சுற்றி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக இழுத்தால் உறை கிழியும். பையன் உடனே கிழிக்க மாட்டான். வட்டத்தை ஒரு சுற்று, இன்னொரு சுற்று விடுவான். ஏதாவது ஒரு பேக்கின் ஓரம் லேசாக மடங்கினாற்போல் தெரிந்தால் அதில் நல்ல கார்டு இருக்கும் என்பது இந்த விளையாட்டு வந்த நாளிலிருந்து பிள்ளைகளிடையே பரவியிருக்கும் நம்பிக்கை.

"சீக்கிரம் பிரிடா, சாப்பாடு ஆறுது" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"இரும்மா. மாமா, ஓரம் மடங்கினது இன்னும் வரலை" என்றான் என்னிடம்.

அந்த விளையாட்டிலேயே வாய்ப்பு விகிதப் பட்டியல் இருக்கிறது. ஒரு கார்டு விடாமல் எல்லாவற்றுக்கும் சதவீதம் போட்டிருக்கிறார்கள். எந்த பேக்கைத் தொட்டாலும் விகிதம் ஒன்றுதான். மடங்கிய ஓரத்துக்கென்று தனி வரி எதுவும் அதில் இல்லை. அவனிடம் அந்தப் பட்டியலைத் திறந்து காட்டினேன். 0.040, 0.160 என்று பார்த்தவன், "இதுக்கு என்ன அர்த்தம்?" என்றான். சரியான கேள்வி. பட்டியல் வெளியிட்டதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற நிறுவனங்களும் அரசாங்கங்களும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த எண்களையே எடுத்துக்கொள்வோம். அவை கிரவுன் ரேர் என்னும் தங்கக் கார்டு பேக்கின் நான்காவது, ஐந்தாவது இடங்களில் வருவதற்கான சதவீதம். இரண்டையும் கூட்டினால் 0.2, அதாவது ஐந்நூறு பேக்குக்கு ஒன்று. இலவச பேக் மட்டும் பிரிக்கிற பிள்ளைக்கு ஐந்நூறு பேக் என்றால் 250 நாள். அந்த 250 நாளும் விடாமல் பிரித்தும் வராமலே போகும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 0.160 என்பதை இப்படிப் பிரித்துச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

இதே விளையாட்டில் எனக்குப் பிடித்த ஏற்பாடும் ஒன்று உண்டு. பேக் ஒன்றுக்கு ஐந்து புள்ளிகள் சேரும். அந்தப் புள்ளிகளைக் கொடுத்து, வேண்டிய கார்டை நாமே பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ் என்னும் வகையில் சாதாரணக் கார்டு 500 புள்ளிகள், அதாவது நூறு பேக். கிரவுன் ரேர் 2500 புள்ளிகள், ஐந்நூறு பேக். அதிர்ஷ்டம் முழுக்கக் கைவிட்டாலும் அதற்கு மேல் போகாது. இது நிஜமான உச்சவரம்பு. குறை என்னவென்றால், ஒரு வெளியீட்டில் சேர்த்த புள்ளிகள் அடுத்த வெளியீட்டில் செல்லாது. புதிய வெளியீடுகளோ ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று என்று வந்தன. பழையதிலேயே எட்டு மாதம் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை எங்கே இருக்கிறது?

வேண்டிய கார்டு என்றேனே, விஷயமே அதில்தான் இருக்கிறது. ஹார்த்ஸ்டோனின் இருபதுக்கு ஒன்று என்ற விகிதம் சொல்வது 'ஏதோ ஒரு லெஜண்டரி'. ஆட்டக்காரர் காத்திருப்பது தான் ஆடும் கார்டுக் கட்டுக்கு, அதாவது டெக்குக்கு, தேவையான அந்த ஒரு லெஜண்டரிக்கு. 2017-இல் வந்த ஹார்த்ஸ்டோன் வெளியீடு ஒவ்வொன்றிலும் 23 லெஜண்டரிகள் இருந்தன. இருபதுக்கு ஒன்று, அதில் 23-இல் ஒன்று என்றால் குறிப்பிட்ட கார்டுக்குச் சராசரி 460 பேக். அப்போது வந்த லெஜண்டரியே திரும்ப வந்ததும் உண்டு. டெக்கில் ஒரு லெஜண்டரிக்கு ஒரு பிரதிதான் அனுமதி என்பதால் இரண்டாவது வந்தால் உடைத்து 'டஸ்ட்' ஆக்குவதைத் தவிர அதற்கு வேறு பயன் இல்லை. உடைத்தால் 400 டஸ்ட். புதிதாக ஒன்று செய்ய 1600. நாலை அழித்தால்தான் ஒன்று. காமன் கார்டில் இன்னும் மோசம்: உடைத்தால் 5, செய்ய 40. அச்சுக் கார்டில் இரட்டை வந்தால் பக்கத்து வீட்டுப் பையனிடம் மாற்றிக்கொள்ளலாம். ஹார்த்ஸ்டோனில் மாற்றவும் முடியாது, விற்கவும் முடியாது.

2017 ஆகஸ்டில் இதை மாற்றினார்கள். ஒரு வெளியீட்டின் எல்லா லெஜண்டரியும் கைக்கு வரும்வரை வந்தது மறுபடி வராது; முதல் பத்து பேக்குக்குள் ஒரு லெஜண்டரி உறுதி. 2020 மார்ச்சில் எல்லாத் தரத்துக்கும் இந்தப் பாதுகாப்பை நீட்டினார்கள். லெஜண்டரி திரும்ப வராததால் 460 என்ற சராசரி 240 அளவுக்கு இறங்கியது. ஆட்டக்காரர்கள் வருஷக்கணக்காகக் கத்தியதற்குப் பலன் என்றே நான் இதைப் பார்க்கிறேன். 'எப்பப் பாத்தாலும் புலம்பல்' என்று அவர்களைக் கேலி செய்தவர்களும் இன்று அதே பாதுகாப்போடுதான் ஆடுகிறார்கள்.

அப்படியானால் பேக்கையே எடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். ரயட் நிறுவனம் அதைச் செய்து பார்த்தது. 2020-இல் வந்த லெஜண்ட்ஸ் ஆஃப் ரூனெட்டெராவில் காசுக்கு பேக் விற்பனையே இருக்கவில்லை. ஆடினால் வாரப் பெட்டியில் கார்டு வந்தது. அவசரம் என்றால் வேண்டிய கார்டை நேராக வாங்கிக்கொள்ள முடிந்தது. ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவு தாராளமாக நடந்த கார்டு விளையாட்டு அதிகம் இல்லை. வருமானத்தைவிடச் செலவு மிக அதிகம் என்று 2024 ஜனவரியில் நிறுவனமே சொல்லி, ஆளோடு ஆள் மோதும் பகுதியைச் சுருக்கிக்கொண்டது. எனக்கு அது வருத்தம்தான். விளையாட்டை எழுதுகிறவர்களுக்கும் வரைகிறவர்களுக்கும் சம்பளம் வர வேண்டும். உறையைப் பிரிக்கும் அந்த நொடியின் படபடப்பு மனிதருக்குப் பிடித்திருக்கிறது. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் மேஜிக் விளையாட்டைக் கொண்டுவந்த நாளிலிருந்து அச்சுக் கார்டிலும் அந்த சந்தோஷம் உண்டு. அதைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். கார்டு பட்டியலில் எந்தக் கார்டைத் தொட்டாலும் அதன் கீழே இரண்டு எண்கள் தெரிய வேண்டும்: இது கிடைக்க இன்னும் அதிகபட்சம் எத்தனை பேக், அதற்கு அதிகபட்சம் எத்தனை ரூபாய். நாற்பதில் எத்தனையாவதில் நிற்கிறோம், எவ்வளவு டஸ்ட் சேர்ந்திருக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துக் கூட்டிய எண்கள். காசு கொடுக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலும் அவையே இருக்க வேண்டும், சதவீதப் பட்டியலைப் போல நாலு திரை தாண்டி அல்ல. மேஜிக்கின் டிஜிட்டல் வடிவமான மேஜிக் அரீனாவில் ஆறு பேக்குக்கு ஒருமுறை, விரும்பிய கார்டாக மாற்றிக்கொள்ளும் வைல்டுகார்டு ஒன்று வரும். பேக் பிரிக்கப் பிரிக்க அது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். செய்ய முடிந்த காரியம்தான் இது. ஒவ்வொருவரும் எத்தனை பேக் பிரித்தார்கள் என்பதை நிறுவனத்தின் சர்வர் ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணிக்கை இல்லாமல் பிட்டி டைமரே ஓடாது.