ஒரு மதிப்பெண் இசை

தரமணியில் எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள். தேர்வுக்கு முந்திய மாலை வாசற்படியில் அமர்ந்து உரத்த குரலில் நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தாள்: “குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்.” பண்டைத் தமிழர் ஏழிசைக்கு இட்ட பெயர்கள்! மகிழ்ந்துபோய், “எங்கே அம்மா, குரலிலிருந்து இளிக்கு ஏறிப் பாடிக் காட்டு, பார்ப்போம்” என்றேன். அவள் திகைத்து நிமிர்ந்தாள். “அதெல்லாம் கேக்க மாட்டாங்க மாமா. பேரு எழுதினாப் போதும். ஒரு மார்க்கு.”

அந்தப் பிள்ளையின் மீது குற்றமில்லை. தேன் என்ற சொல்லுக்கு எழுத்துக்கூட்டக் கற்பித்துவிட்டு நாவில் ஒரு துளியும் இடாத பெரியவர்களாகிய நம்மீதே குற்றம்.

இத்தனைக்கும் அவள் வாழும் இடம் எது? உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் தரமணியில்தான் இருக்கிறது. திரைப்படத்திற்கு ஒலிப்பதிவு செய்யும் கலையைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கேயே இருக்கிறது. சிறிது தொலைவில் இராசா அண்ணாமலைபுரத்தில் அரசு இசைக் கல்லூரி. மார்கழி பிறந்தால் மயிலாப்பூர்ச் சபாக்களில் காலை முதல் இரவு வரை கச்சேரி. இசை இவளைச் சுற்றிலும் இருக்கிறது. இவளுக்கு மட்டும் அதன் வாசல் திறக்கவில்லை. ஏனெனில் வசதியுள்ளோர் பிள்ளைக்குத் தனி வகுப்பு உண்டு, வீணை உண்டு, கீபோர்டு உண்டு. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்லும் பெற்றோரின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒன்றே வழி. பள்ளி இசையைக் கைவிட்டால் அந்தப் பிள்ளை இசையை இழந்துவிட்டது என்றே பொருள்.

முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகிறோம். இயலைப் பன்னிரண்டு ஆண்டுகள் கற்பிக்கிறோம். நடுவில் நிற்கும் இசைக்கு எத்தனை பாடவேளை ஒதுக்கினோம்? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடலாசான், இசையாசான், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் என ஒவ்வொருவருடைய தகுதியையும் இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துரைக்கிறார். கலை வேண்டுமெனில் முதலில் ஆசிரியர் வேண்டும் என்று அக்காலத்தார் அறிந்திருந்தனர். நாமோ காப்பியத்தை வைத்துக்கொண்டு ஆசிரியரைத் துறந்துவிட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. கணக்குக்கும் மொழிக்கும் ஆசிரியர். கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்! நூறு பேர் இல்லையென்றால் அவரும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். பின்னாளில் அத்தொகை உயர்த்தப்பட்டது உண்மை. ஆயினும் பத்தாண்டுக்கு மேல் உழைத்த பின்னரும், 2023இல் நுங்கம்பாக்கம் கல்வி வளாகத்தில் பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் போராட வேண்டியிருந்தது. தம் வீட்டு அடுப்பு நாளை எரியுமா என்று அறியாத ஒருவரிடம் நம் பிள்ளைகளின் தாளத்தையும் சுருதியையும் ஒப்படைத்திருக்கிறோம்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடத்தப்படுகிறதே என்று கேட்பீர்கள். நல்ல முயற்சி, பாராட்டுகிறேன். ஆனால் ஆண்டு முழுவதும் உழாத நிலத்தில் அறுவடைத் திருவிழாவை மட்டும் நடத்த முடியுமா? வீட்டிலோ வெளியிலோ ஏற்கெனவே கற்ற பிள்ளை பரிசு பெறுகிறது. கல்லாத பிள்ளை கைதட்டுகிறது. தனியார் பள்ளிகளின் ஆண்டுவிழாக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஒலிபெருக்கி பாடுகிறது, பிள்ளைகள் கைகால்களை அசைக்கிறார்கள், பெற்றோர் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். பாடியவர் யார்? அங்கிருந்தோரில் ஒருவரும் இல்லை.

இசைக்குப் பரிந்து பேசுவோரிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. “இசை கற்றால் கணக்கில் மதிப்பெண் கூடும்” என்பது அவர்களுடைய வாதம். 1993இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், மொசார்ட்டின் இசையைக் கேட்ட கல்லூரி மாணவர்கள் இடஞ்சார்ந்த அறிவுத் தேர்வு ஒன்றில் சிறிது நேரம் கூடுதல் திறம் காட்டியதாக எழுதினார்கள். அந்தப் பயன் கால்மணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. எனினும் குழந்தைகளை மேதைகளாக்கும் மருந்தாக அது உலகெங்கும் விற்கப்பட்டது. அண்மையில், 2020இல், பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய சாலா, கோபே என்னும் அறிஞர்கள், இசைப் பயிற்சியால் பிள்ளைகளின் பொது அறிவுத்திறனோ பள்ளி மதிப்பெண்ணோ உயர்வதற்கு உறுதியான சான்று இல்லை என்றே முடிவு கூறினர். ஆகவே கணக்கின் வாசலில் இசையைப் பிச்சையெடுக்க வைக்காதீர்கள். பயன் காட்டி உள்ளே நுழைந்தது, பயன் பொய்த்த அன்றே வெளியேற்றப்படும்.

பின் எதற்காக இசை? நாற்பது பிள்ளைகள் ஒரு சுருதியில் நிற்பதற்காக. அடுத்தவன் குரலைக் கேட்டாலன்றித் தன் குரலைச் சேர்க்க இயலாது என்பதை ஒவ்வொரு பிள்ளையும் தன் காதால் அறிவதற்காக. முந்துகிறவன் காத்திருக்கவும் பிந்துகிறவன் எட்டிப் பிடிக்கவும் கற்பதற்காக. மதிப்பெண் பட்டியல் ஒருவனை முதல்வனாக்கி மற்றவரைப் பின்தள்ளும். சேர்ந்திசையிலோ ஒருவன் வெல்ல மற்றவன் தோற்க வேண்டியதில்லை. “எல்லாருக்கும் குரல்வளம் இல்லையே” என்பார்க்கு இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனை நினைவூட்டுகிறேன். சென்னையில் இளைஞர்களைக் கூட்டிச் சேர்ந்திசைக் குழு அமைத்தவர் அவர். வித்துவான்களை அவர் தேடவில்லை. சேர்ந்து பாட விரும்பியவர்களைத் தேடினார். எல்லாரும் எழுத்தாளர் ஆவதற்காகவா எழுத்தறிவிக்கிறோம்?

இனி நம் வீட்டையும் பார்ப்போம். பதினோராம் நூற்றாண்டில் அரெட்சோ நகரில் குயிதோ என்னும் துறவி, பாடற்குழுச் சிறுவர் விரைந்து கற்கும்படி சுரங்களுக்கு அசைப்பெயர்கள் அமைத்தார். திருமுழுக்கு யோவானின் புகழ்ப்பாவிலிருந்து அவர் எடுத்த அசைகளே மேலைநாட்டுச் சுரப்பெயர்களுக்கு மூலம். இசையைச் சிறுவருக்குக் கற்பிப்பது நம் திருச்சபையில் அவ்வளவு பழைய கவலை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 115ஆம் பத்தி, குருமடங்களில் மட்டுமன்றிக் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இசை கற்பிக்கப்பட வேண்டும் என வலியுறுத்துகிறது. 119ஆம் பத்தி ஒருபடி மேலே சென்று, மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் மரபிசை பள்ளிகளிலும் வழிபாட்டிலும் வளர்க்கப்பட வேண்டும் என்கிறது. மாயூரம் முன்சீபு வேதநாயகம் பிள்ளையின் சர்வசமய சமரசக் கீர்த்தனைகள் பிறந்த மண்ணில், அவர் வழிவந்த நாம் நடத்தும் பள்ளிகளில் எத்தனை பள்ளிகள் இதற்குச் செவிசாய்த்தன? நூறு விழுக்காடு தேர்ச்சி என்று வாயிலில் பதாகை கட்டுகிறோம். ஞாயிறு பூசையில் பாடுவோர் நாலு பேர், கேட்போர் நானூறு பேர் என்று பிறகு வருந்துகிறோம். பாடாத பள்ளியிலிருந்து பாடும் சபை எங்ஙனம் வரும்?

நான் கேட்பது பெரிதன்று. ஒன்று முதல் எட்டு வரை வாரம் இரண்டு பாடவேளை. மற்ற ஆசிரியருக்கு நிகரான ஊதியத்தில் நிரந்தரமான ஓர் இசையாசிரியர். ஒரு சுருதிப்பெட்டி. தேர்வு நெருங்கும்போது அந்தப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கக் கூடாது என்ற கட்டளை. மேடை வேண்டாம்; பரிசு வேண்டாம்; மதிப்பெண்ணும் வேண்டாம். தாளாளர்களே, இதற்குப் பணமில்லை என்று சொல்லுமுன் ஆண்டுவிழாப் பந்தலுக்கும் விளக்குக்கும் செலவிட்ட கணக்கை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பெற்றோரே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டு முடித்தபின், “என் பிள்ளைக்கு இங்கே பாடக் கற்பிப்பது யார்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

எங்கள் தெருச் சிறுமி மறுநாள் ஏழு பெயரையும் பிழையின்றி எழுதி அந்த ஒரு மதிப்பெண்ணைப் பெற்றுவிட்டாள். குரல் எது, இளி எது என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.