திருத்தினால் போதுமா? சொல்ல வேண்டாமா?

2025 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை. இங்கே தீபத் திருவிழா நடந்துகொண்டிருந்த வாரம். ஏர்பஸ் ஏ320 வகை விமானங்களில் ஒரு கணினி மென்பொருளை மாற்றிய பிறகுதான் பறக்கலாம் என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு அவசர உத்தரவு போட்டது. உலகம் முழுவதும் சுமார் 6,000 விமானங்கள், நம் நாட்டில் மட்டும் முந்நூற்றுக்கும் மேல். அக்டோபர் 30 அன்று அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு விமானம் நடுவானில் திடீரென்று மூக்கைக் கீழே சாய்த்ததுதான் காரணம். கடுமையான சூரியக் கதிர்வீச்சு கணினித் தரவைக் கெடுத்துவிடலாம் என்று தயாரித்த நிறுவனமே சொன்னது. பெரும்பாலான விமானங்களில் பழைய மென்பொருளையே திரும்பப் போட்டார்கள்.

தொலைக்காட்சியைப் பார்த்துப் பலர் பயந்தார்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்க டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்கள் பாவம், தூக்கமே இழந்தார்கள். எனக்கோ நிம்மதிதான். என்ன மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம், எந்த நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்று ஊருக்கே தெரியும்படி சொல்லிவிட்டுச் செய்தார்கள் அல்லவா? அது போதும்.

சொல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. அதுவும் இதே நவம்பர் 28-ஆம் தேதிதான், ஆண்டு 1979. ஏர் நியூசிலாந்தின் 901-ஆம் எண் விமானம் அண்டார்டிகாவைச் சுற்றிக் காட்டுவதற்காக ஆக்லாந்திலிருந்து கிளம்பியது. 237 பயணிகள், 20 ஊழியர்கள். ஒருவரும் திரும்பவில்லை. எரிபஸ் என்ற பனிமலையில் மோதியது. நம் அண்ணாமலை 2,668 அடி என்றால் அந்த மலை 12,448 அடி.

அந்தப் பாதையை 1978-இல் கணினியில் ஏற்றியபோது தீர்க்கரேகையில் ஓர் இலக்கம் தவறிவிட்டது. 166 பாகை 48 கலை என்பது 164 பாகை 48 கலை என்று பதிவாயிற்று. ஆறுக்குப் பதில் நாலு. அந்தப் பிழையால் பாதை மலைக்கு மேற்கே நகர்ந்து, மக்மர்டோ ஜலசந்தியின் சமதளமான பனிப்பரப்பின் மேல் போனது. பதினான்கு மாதம் அப்படியே இருந்தது. விமானிகளுக்கு அதுவே சரியான பாதை. நவம்பர் 9 அன்று நடந்த விளக்கக் கூட்டத்திலும் அந்த எண்கள்தான் காட்டப்பட்டன. கேப்டன் ஜிம் காலின்ஸ் புறப்படுவதற்கு முந்தைய இரவு வீட்டில் வரைபடத்தை விரித்துப் பாதையைக் குறித்துப் பார்த்தார் என்று அவர் குடும்பத்தார் சாட்சி சொன்னார்கள்.

அவர் தூங்கப் போன பிறகு அலுவலகத்தில் அந்த எண்ணைத் திருத்தினார்கள். 166 பாகை 58 கலை ஆயிற்று. பாதை 27 கடல் மைல் கிழக்கே தள்ளிப்போய் நேராக மலைமேல் விழுந்தது. 27 கடல் மைல் என்றால் 50 கிலோமீட்டர், நம் கிரிவலப் பாதையைப் போல மூன்றரை மடங்கு. திருத்தியவர்களோ இரண்டு மைல் வித்தியாசம்தான் என்று நினைத்திருந்ததாக நிறுவனத் தரப்பில் சொல்லப்பட்டது. காலையில் கொடுத்த தாளில் புதிய எண் இருந்தது, வரிசை வரிசையான எண்களுக்கு நடுவில். அது மாறியது என்று யாரும் விமானிக்குச் சொல்லவில்லை. கண்ணுக்கு முன் எல்லாம் ஒரே வெள்ளை. ஜலசந்தியின் மேல் இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் 1,500 அடிக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். எச்சரிக்கை மணி ஒலித்தபோது மிச்சமிருந்தது ஆறே விநாடி.

விமானி தாழ இறங்கியதே காரணம் என்றது முதல் அறிக்கை. 1981-இல் நீதிபதி பீட்டர் மேகன் விசாரித்து, விமானிகளுக்குத் தெரிவிக்காமல் பாதையை மாற்றியதே முதன்மைக் காரணம் என்றார். நிறுவன அதிகாரிகள் கூடிப் பொய் சொன்னார்கள் என்று அவர் எழுதியதை மேல் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. விபத்தின் காரணம் பற்றிய முடிவில் அவை கைவைக்கவில்லை. 40 ஆண்டு கழித்து, 2019-இல், பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

கவனியுங்கள்: பிழை இருந்தவரை ஆபத்தில்லை. திருத்திய அன்றுதான் 257 உயிர் போனது. பிழையைத் திருத்தியது குற்றமில்லை. திருத்தத்தை மௌனமாகச் செய்தார்களே, அதுதான் குற்றம்.

1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவில் காலி நகருக்குப் போன அமெரிக்க விமானம் விழுந்ததும் இந்த இனம்தான். விமானியின் கையிலிருந்த வரைபடத்தில் ரோஸோ என்ற வழிகாட்டி நிலையத்துக்கு ஆர் என்ற ஓரெழுத்துக் குறி. கணினியிலோ அதே ஆர் தலைநகர் பொகோட்டா அருகிலுள்ள ரோமியோ நிலையத்துக்குச் சொந்தம். எழுத்தை அழுத்தியதும் விமானம் மலைப்பக்கம் திரும்பியது. 159 பேர் இறந்தார்கள், நான்கு பேர் பிழைத்தார்கள். அதை விமானிகள் சரிபார்க்கவில்லை என்பது உண்மை. தாளும் கணினியும் இரண்டு விதமாகப் பேசின என்பதும் உண்மை.

இன்று விமானப் பாதைத் தரவுகள் 28 நாளுக்கு ஒருமுறை, வியாழக்கிழமைகளில், உலகம் முழுவதும் ஒரே தேதியில் மாறுகின்றன. குறைந்தது 28 நாள் முன்னதாகவே விவரம் உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏராளமான மாற்றங்கள். எல்லாவற்றையும் விமானி எப்படிப் படிப்பார் என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். எல்லாவற்றையும் அவர் படிக்க வேண்டாம். இன்று அவர் போகும் பாதையில் நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்பதை மட்டும் தனியாக, பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு தாளில் கொடுங்கள். அந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் என்பதைத் திருத்தியவர் அல்லாத இன்னொருவர் அளந்து கையெழுத்துப் போடட்டும்.

குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது புதிதில்லை. விதிப் புத்தகத்தில் திருத்தச் சீட்டை ஒட்டினால் எண், தேதி, சுருக்கொப்பம் மூன்றும் வேண்டும். உரியவர்களுக்கு நகல் போக வேண்டும். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த புதுச்சேரியில் நொத்தேர் எழுதும் பத்திரங்களில் இன்னும் கறார். அடித்த சொற்களை எண்ணி, இத்தனை சொல் அடிக்கப்பட்டது என்று எழுதி ஒப்பமிடுவார்கள். பழையது என்ன என்பது அடித்த கோட்டின் அடியில் தெரியும். கணினியில் அந்தக் கோடு இல்லை. பழைய எண் இருந்த சுவடே தெரியாமல் புதிய எண் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஓய்வூதியப் பதிவு, பட்டா, வாக்காளர் பட்டியல் என்று நம் வாழ்க்கையும் இப்போது அந்தக் கணினிக்குள்தான். நம் பெயரிலோ எண்ணிலோ ஒரு மாற்றம் செய்தால், செய்த அன்றே நமக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேளுங்கள். எழுத்து மூலமாகக் கேளுங்கள். திருத்துவது பாதி வேலை; உரியவருக்குச் சொல்லி, அவர் அறிந்துகொண்டார் என்று உறுதி செய்வதுதான் மீதிப் பாதி.