மைதானத்தை அப்புறம் பாருங்கள்

அமெரிக்காவில் ஓட்டத்தை நம்பிக் கல்லூரி தேடும் பிள்ளைகளுக்கு ஆரிகன், கொலராடோ என்ற இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களுமே கனவுதான். முன்னது இருக்கும் யூஜீனில், ஸ்டீவ் பிரிஃபோன்டெய்ன் ஓடிப் பெயர் வாங்கிய ஹேவர்ட் ஃபீல்டு இருக்கிறது. 2022 உலகத் தடகளப் போட்டி நடந்ததும் அங்கேதான். பின்னது இருக்கும் போல்டர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,650 மீட்டர் உயரம். புதிதாகப் போகிறவருக்கு வழக்கமான வேகத்திலேயே மூச்சு முட்டும். உடம்பு பழகச் சில வாரங்கள் ஆகும். இதையெல்லாம் எடைபோடுவதில் தப்பில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அணிப் பட்டியலை. தேசிய கிராஸ் கன்ட்ரி போட்டியில் ஓர் அணிக்கு 7 பேர்தான் ஓடுவார்கள். அதிலும் முதல் 5 பேரின் இடம்தான் கணக்கில் சேரும். பெரிய பெயருள்ள அணியில் அந்த ஏழுக்குள் வர எத்தனை வருஷம் ஆகும்? அடுத்தது கட்டணம். அரசுப் பல்கலைக்கழகமே ஆனாலும் வெளிமாநில மாணவருக்கு இரண்டு மடங்குக்கும் மேல். முழு உதவித்தொகை எல்லா ஓட்டக்காரருக்கும் கிடைத்துவிடாது. கடைசியாக ஒன்று: நாளைக்கே கால் எலும்பில் விரிசல் விட்டு ஓட்டம் நின்றுபோனால், அதே ஊரில் இருந்து படிப்பை முடிப்பீர்களா? தயங்காமல் ‘ஆம்’ என்று சொல்ல முடிகிற இடத்தில் சேருங்கள்.