கழிவுக்குச் சாதி உண்டு

"நாட்டுக்குக் கரண்ட் வேண்டாமா?" என்கிறார்கள். வேணும். ஊருக்கெல்லாம் வந்து கடைசியாக விளக்குக் கம்பம் கண்ட சேரிக்கு, இருட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது வேறு. வெளிச்சம் யார் வீட்டுக்கு? கழிவு யார் தலையில்?

கூடங்குளத்துக்கு 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் உலை மின்சாரம் தந்தது 2013-ல். அணுக்கழிவை நிரந்தரமாகப் புதைக்க இந்தியாவில் இன்றுவரை இடம் கிடையாது. 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது கோலார் தங்கவயலின் பெயர் அடிபட்டது. கர்நாடகம் கொதித்ததும் அப்படியொரு திட்டமே இல்லை என்று பின்வாங்கினார்கள்.

கோலார் குழியை வெட்டியது யார் தோழர்களே? வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன நம்ம சனம். 3 கிலோமீட்டர் ஆழத்தில் தங்கம் எடுத்துக் கொடுத்து, நுரையீரலில் கல்தூசியை வாங்கிக்கொண்ட சனம். 2001-ல் சுரங்கத்தை மூடி, அம்போன்னு விட்டார்கள். தங்கம் போனது சீமைக்கும் சர்க்காருக்கும். நஞ்சுக்கு இடம் தேடினால் மட்டும் இவங்க காலடி ஞாபகம் வருது! ஜார்க்கண்டில் யுரேனியம் தோண்டும் ஜாதுகோடாவிலும் கழிவுக் குட்டை ஆதிவாசி ஊர்களை ஒட்டித்தான் கிடக்கிறது. விஞ்ஞானத்துக்குச் சாதி தெரியாதாம். வழி மட்டும் நல்லாத் தெரியுது.

திண்டுக்கல் தோல் ஷாப்புக் கழிவு கிணறுகளைக் கெடுத்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 வருஷம் ஆகும். மனுசன் கையால் மலம் அள்ளவைக்காதே என்று 1993-ல் ஒரு சட்டம், மலக்குழியில் மனுசனை இறக்காதே என்று 2013-ல் இன்னொரு சட்டம், சாவு நின்றபாடில்லை. மலக்குழிக்கே மெஷின் வாங்க மனசில்லாத தேசம், அணுக்கழிவை 24,000 வருஷம் காவல் காக்குமாம்! எந்திரத்துக்குப் பேர்போன ஜப்பானிலேயே உலைக்குள் கழுவ அனுப்பப்பட்டவர்கள் தினக்கூலிகள். 'அணுஉலை நாடோடிகள்' என்று அவர்களுக்குப் பேரே உண்டு.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அணுமின்சாரத்தைத் தனியாருக்கும் திறந்துவிட்டது. தனியாரிடம் நமக்கு இடஒதுக்கீடு கிடையாது. கழுவுற வேலையில் மட்டும் நூற்றுக்கு நூறு!

இடிந்தகரை மக்கள் அடிபட்டார்கள். 2012 செப்டம்பர் 10-ல் மணப்பாட்டில் ஒரு மீனவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் போராட்டம் நம்முடையது. ஆனால் சூழலியல் நண்பர்களே, கடலைப் பேசினீர்கள், மீனைப் பேசினீர்கள். துடைப்பம் பிடிக்கப்போகும் கையைப் பேசினீர்களா?

கழிவை எங்கே வைப்பாய்? யார் கையால் வைப்பாய்? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். அதுவரை இன்னொரு உலைக்கு ஒரு கல்லும் நடாதே.