பெயர் இருந்த இடத்தில் ஓர் எழுத்து

எமது கூத்தைப்போலவே மேலைநாட்டு ஒபராவிலும் கதை பாட்டாலேயே நகரும். கறுப்பின விடுதலைத் தலைவர் மல்கம் எக்ஸின் வாழ்க்கையை அந்த மேடைக்குக் கொண்டுவந்தவர் இசையமைப்பாளர் அந்தனி டேவிஸ். பாடல்வரிகளை எழுதியவர் துலானி டேவிஸ். 1986இல் நியூயோர்க் நகர ஒபராவில் அது அரங்கேறியது.

கதை 1931இல் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் தொடங்குகிறது. தகப்பன் இறந்த செய்தி வருகிறது. தாய் மனமுடைந்து போகிறார். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் பிரிக்கப்படுகிறார்கள். வளர்ந்தபின் களவுக்காகச் சிறை சென்ற மல்கமை அங்கே வாசிப்பும் மதமும் மாற்றுகின்றன. 'லிற்றில்' என்ற குடும்பப் பெயர் அடிமை எசமானர்கள் முன்னோருக்கு இட்டது என்று அவர் அதை நீக்கினார். ஆபிரிக்க மூதாதையரின் உண்மைப் பெயர் தெரியாததால் அவ்விடத்தில் 'எக்ஸ்' என்ற எழுத்தை வைத்தார். 1965 பெப்ரவரி 21இல் நியூயோர்க்கில், கூட்டமொன்றில் பேசத் தொடங்கியபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

2023 நவம்பரில் இந்த ஒபரா அதே நகரின் புகழ்பெற்ற மெற்றோபொலிற்றன் அரங்கிலும் ஏறியது.

அவருக்குக் கிடைக்காத முன்னோர் பெயர் எம்மிடம் இருக்கிறது. புதுநாட்டார் வாய்க்கு இலகுவாகட்டும் என்று அதை வெட்டிக் குறுக்குமுன் சற்று யோசிப்போம். அப்பப்பா, அம்மப்பாவின் பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.