வாடகை வீடும் செலவுக் கணக்கும்

உத்தியோகத்தினின்று விலகியதும் சேமநிதிப் பணத்தைக் கொண்டு சென்னையில் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டால் கவலையற்று வாழலாமென்று எண்ணுவோர் நம்மவரில் அநேகர். அந்த எண்ணத்தை நாம் குறை கூறவில்லை. அவர்கள் போடும் கணக்கைத்தான் ஆட்சேபிக்கிறோம். மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி வருமானமென்று எழுதிவிடுகிறார்கள். செலவுப் பக்கமோ வெறுமையாய் நிற்கிறது.

60 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய வீடு, மாத வாடகை 15,000 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்திற்கு 1,80,000, நூற்றுக்கு மூன்று. ஆனால் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாகக் கிரயத்தன்றே 5,40,000 போய்விடுகிறது. ஆகவே போட்ட முதல் 65,40,000. குடி மாறும்போது வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 15,000 நஷ்டம். தரகுக்குச் சராசரி 7,500. சொத்து வரி 6,000. வெள்ளையடிப்பு, குழாய், மின்கம்பி, மோட்டார் ஆகியவற்றுக்கு 30,000. மிஞ்சுவது 1,21,500; நூற்றுக்கு இரண்டுகூடத் தேறவில்லை. நிலத்தின் விலை ஏறுமே என்பார்கள். ஏறலாம், விற்கும் வரையில் அது உலையில் அரிசியாகாது.

இவற்றுள் எந்தச் செலவும் நிலையானதன்று. பழைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் குடியிருப்புகளின் சொத்து வரி 2022-ல் நூற்றுக்கு 50 முதல் 150 வரை ஏறிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் கீழ்த்தளங்கள் மூழ்கின. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீரே கதியாயிற்று. இத்தகைய வருஷம் பத்தில் ஒன்று வருமென்றாவது பணம் ஒதுக்கவேண்டாமா?

வேடிக்கை என்னவெனில், வரி கேட்கும் சர்க்காரே இவ்விஷயத்தில் சொந்தக்காரரைவிட விவேகமாய் நடந்துகொள்கிறது. கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதி வாடகையில் 30 சதவீதத்தையும் கழித்த பிறகே வருமான வரி விதிக்கிறது. வீடு செலவு வைக்கும் என்பது வரிச் சட்டத்திற்குத் தெரிந்திருக்கிறது. பணம் போடுகிறவருக்கு ஏனோ தெரியவில்லை.

இப்பிசகின் பலனை அனுபவிப்பவர் சொந்தக்காரர் மட்டுமல்லர். வெள்ளையடிப்பையும் மின்கம்பி வேலையையும் 2017-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை சொந்தக்காரர் பொறுப்பில் வைத்திருக்கிறது. அதற்கென்று ஒரு காசும் ஒதுக்காதவர் என்ன செய்வார்? ஒழுகும் கூரையைப் பாராதிருப்பார். குடியிருந்தவர் காலி செய்யும் தினத்தில் முன்பணத்தில் கை வைப்பார்.