எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் உணவு: மலையூர்களில் நம் பொறுப்பு

உடற்பருமன் செல்வர் வீட்டு நோய் என்று எண்ணிய காலம் கடந்துவிட்டது. 2019–21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 40.4 பேரும், கேரளத்தில் 38.1 பேரும் இருக்கவேண்டிய எடைக்கு மேற்பட்டவர்கள். ஆடவர் நிலையும் ஏறக்குறைய இதுவே. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் போதிய பயன் தராதபோது, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, உறக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவற்றால் வருந்துவோருக்கு எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை ஒரு வழியாக இன்று ஏற்கப்பட்டுள்ளது. அச்சிகிச்சை நன்றா, தீதா என வழக்காடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் உணவையும் நலத்தையும் கவனிக்கும் பொறுப்பு தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு மட்டும் உரியதன்று. அவர் வாழும் ஊரின் சுகாதார ஊழியருக்கும் ஆசிரியருக்கும் அதில் பங்குண்டு. இதனையே நாம் வலியுறுத்த விரும்புகிறோம்.

அறுவையால் நேரும் மாற்றம்

இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றும் முறை புதியதன்று. 1881 ஆம் ஆண்டிலேயே வியன்னா நகரில் பில்ரோத் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்ட இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கி வெற்றி கண்டார். பிற்காலத்தில், குடற்புண்ணுக்காக இவ்வகை அறுவை செய்துகொண்டவர்கள் எடை குறைவதை மருத்துவர்கள் கவனித்தனர். அதனை அடிப்படையாகக் கொண்டு, 1966 இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்பவர் பருமனைக் குறைப்பதற்கென்றே ஓர் அறுவை முறையைத் தொடங்கினார்.

இன்று பெரிதும் செய்யப்படுபவை இரண்டு. முதலாவது முறையில், இரைப்பையின் முக்கால் பங்கு அளவு நீக்கப்பட்டு, எஞ்சியது குறுகிய குழாய்போல் அமைகிறது. இரண்டாவது முறையில், இரைப்பையின் மேற்புறத்தில் ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் கொள்ளும் சிறு பை ஒன்றை அமைத்து, அதனைச் சிறுகுடலின் நடுப்பகுதியுடன் நேரே இணைக்கின்றனர். உண்ட உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமலே கீழே செல்கிறது. இரு முறைகளிலும் சிறிது உண்டவுடன் வயிறு நிறைகிறது. பசியைத் தூண்டும் சுரப்புகளும் மாறுபடுகின்றன. எடை குறைவதற்கு இவையே காரணம்.

ஆயின் நன்மை வரும் வழியிலேயே தீங்கும் வரக்கூடும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்தில்தான் உட்கொள்ளப்படுகின்றன. வைட்டமின் பி-12 உடலிற் சேர்வதற்கு இரைப்பையில் ஊறும் ஒரு பொருள் தேவை. ஆதலின் அறுவை செய்துகொண்டவர் மருத்துவர் குறித்த வைட்டமின், இரும்பு, சுண்ணாம்பு மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் உண்ணுதல் வேண்டும். எடை குறைந்து உடல் நலமடைந்துவிட்டதென்று மாத்திரையை நிறுத்துவோர், சில ஆண்டுகள் கழித்து இரத்தசோகையாலும் எலும்பு நலிவாலும் நரம்புத் தளர்ச்சியாலும் துன்புற நேரிடும்.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 இல் வகுத்த விதியின்படி, உடல் நிறை எண் 40 அல்லது அதற்கு மேற்பட்டவருக்கும், கடுமையான துணை நோய்களுடன் 35 அல்லது அதற்கு மேற்பட்டவருக்கும், பிற வழிகள் பயனளிக்காதபோது மருத்துவர் அறிவுரையின் பேரில் செய்யப்படும் இவ்வறுவையைக் காப்பீட்டினின்று விலக்குதல் இல்லை. 2022 இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலோ, ஆசிய மக்களுக்கு 27.5 என்னும் எண்ணிலிருந்தே இச்சிகிச்சையை வழங்கலாம் என்கிறது. எனவே, பெருநகரத்தார் மட்டும் நாடிய இச்சிகிச்சையைச் சிற்றூராரும் நாடுவர் என எதிர்பார்ப்பதே அறிவுடைமை.

மலையூரின் உணவு

இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டத்தில் தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்துள்ள சூரியநெல்லியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டைச் சேர்ந்த கொழுக்குமலைத் தோட்டத்திற்கும் இவ்வூர் வழியாகவே ஜீப்பில் ஏறவேண்டும். கிழக்கே போடிமெட்டைக் கடந்தால் மலைப்பாதை போடிநாயக்கனூருக்கு இறங்குகிறது. தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் மிகுந்த இப்பகுதியின் அடுப்பங்கரையில் தமிழ்நாட்டு உணவும் கேரள உணவும் கலந்துள்ளன. அறுவைக்காக மதுரைக்கோ கொச்சிக்கோ சென்று திரும்பும் ஒருவர், மருத்துவமனை தந்த உணவுத் தாளுடன் இந்த அடுப்பங்கரைக்குத்தான் வந்து சேருகிறார். தாளில் எழுதியதும் அடுப்பில் வேகுவதும் பொருந்தாவிடில் தாள் தோற்றுவிடும். ஆகவே விதிகளை ஊர் உணவின் மொழியில் எடுத்துரைப்பதே ஊழியரின் முதற்கடமை.

முதல் இரு வாரங்கள் நீர்த்த உணவு, அடுத்து மசித்த உணவு, பின்னர் குழைந்த உணவு, ஏறத்தாழ இரண்டு மாதம் கழிந்தபின் வழக்கமான உணவு என்பது பொது முறை. எந்தப் படியில் எப்போது ஏறுவதென்பதை மருத்துவரே முடிவு செய்வார். அதன்பின் வாழ்நாள் முழுதும் கைக்கொள்ளவேண்டிய ஒழுக்கங்கள் சில.

முதலாவது, புரதம் முன்னே, சோறு பின்னே. நாள் ஒன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் தேவை. சிறிய வயிற்றில் முதலிற் சோற்றையோ கப்பைக் கிழங்கையோ நிரப்பினால் புரதத்திற்கு இடமிராது. கப்பைக் கிழங்கில் புரதம் மிகக் குறைவு. ஆனால் கப்பையுடன் உண்ணும் மீன் குழம்பில் மீன் உண்டு. மீனை முதலில் உண்டு, கப்பையைப் பெயரளவுக்கு நிறுத்திக்கொள்ளச் சொன்னால் எவரும் ஏற்பர். இரண்டு முட்டையில் 12 கிராமும், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராமும், 400 மில்லி லிட்டர் பால் அல்லது தயிரில் சுமார் 12 கிராமும், ஒரு கைப்பிடிப் பருப்பிலும் ஒரு கைப்பிடிப் பொட்டுக்கடலையிலுமாகச் சுமார் 13 கிராமும் கிடைக்கும். கூட்டிப் பார்த்தால் 60 ஐ நெருங்கும். இவை அனைத்தும் ஊர்க்கடையிலேயே கிடைக்கும் பொருள்கள். விலையுயர்ந்த புரத மாவு வாங்க இயலாதென்று எவரும் மனம் தளர வேண்டியதில்லை.

இரண்டாவது, மெல்ல மென்று உண்ணல். ஒரு வேளை உணவுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் ஆகவேண்டும். கொழுந்து நிறுக்கும் நேரத்திற்குள் அவசரமாகச் சோற்றை விழுங்கிப் பழகியவருக்கு இது கடினம். விரைந்து விழுங்கிய பரோட்டாவும் உலர்ந்த இறைச்சியும் சிறு பையில் அடைத்து நெஞ்சுவலியும் வாந்தியும் உண்டாக்கும். மேற்பார்வையாளர் சிறிது கூடுதல் நேரம் அளித்தல் சலுகையன்று. சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

மூன்றாவது, உணவும் நீரும் ஒரே வேளையிற் சேரலாகாது. உணவுக்குப் பின் அரைமணி நேரம் கழித்தே நீர் அருந்துதல் நன்று. ஆயினும் நாள் முழுதும் சிறுசிறு மடக்காக ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் நீர் உட்செல்ல வேண்டும். குளிர்ந்த மலையில் தாகம் தோன்றாதாதலால் இது மறக்கப்படும்.

நான்காவது, தேநீர். தோட்டத்து ஊரில் தேநீரை விலக்கச் சொல்வது வீண் உபதேசம். எனினும் தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கின்றன. எனவே உணவுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒரு மணி நேரமேனும் விலகித் தேநீர் அருந்தலாம். சுண்ணாம்பு மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் இரண்டு மணி நேர இடைவெளியில் உண்ணல் வேண்டும்.

ஐந்தாவது, இனிப்பு. சர்க்கரை மிகுந்த தேநீரும் பாயசமும் சிறு பையினின்று குடலுக்குள் விரைந்து பாயும்போது, வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், பேதி ஆகியவை தோன்றும். மேலும் பாயசமும் மிக்சரும் முறுக்கும் வாயிலேயே கரைந்து தடையின்றி இறங்குவதால், வயிறு சிறிதாயினும் அளவு மிஞ்ச இடமுண்டு. அறுவைக்குப் பின் ஒன்று அல்லது ஒன்றரை ஆண்டு வரையிற் குறையும் எடை, பிறகு மீண்டும் ஏறுவதற்கு இவ்வகைத் தின்பண்டங்களே பெருங் காரணம்.

வாந்தியும் குளுக்கோசும்

இனிக் கூறப்போவதை ஊழியர்கள் மற்ற எல்லாவற்றினும் மேலாக நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். 1918 ஆம் ஆண்டில் நீலகிரிக் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தில், ஒரே அறையில், ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஆராய்ச்சிக்கூடமே 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. தவிடு நீங்கத் தீட்டிய அரிசியையே நம்பியிருந்தோரைப் பெரிபெரி வாட்டியது. தயமின் எனப்படும் வைட்டமின் பி-1 குறைவே அதற்குக் காரணம். புழுங்கலரிசி உண்போரிடம் அந்நோய் அரிதாயிருந்தமையும் அறிந்ததே.

ஒழிந்ததென்று நாம் எண்ணும் அந்நோய் இன்று வேறு வாயிலாக வரக்கூடும். உடலில் தயமின் சேமிப்பு இரண்டு மூன்று வாரத்திற்கே போதும். அறுவை செய்துகொண்டவர் இடைவிடாது வாந்தியெடுத்தால் சேமிப்பு தீர்ந்துவிடும். கால் மரத்தல், தள்ளாடும் நடை, பார்வை இரட்டித்தல், மனக்குழப்பம் என்பன அடையாளங்கள். அந்நிலையில் உடல் தேறட்டும் என்று குளுக்கோஸ் புட்டியை மட்டும் ஏற்றுவது பெருந்தவறு. குளுக்கோசைச் செரிக்கும் முயற்சியில் எஞ்சிய தயமினும் செலவாகி மூளைக்கு நீங்காத கேடு விளையலாம். தயமினை ஊசிவழி முதலிற் செலுத்தியபின்பே குளுக்கோஸ் ஏற்றவேண்டும் என்பது மருத்துவ விதி. புழுங்கற்கஞ்சி நல்லுணவே ஆயினும், இந்நிலையில் அது மருந்துக்கு ஈடாகாது. களைத்து வருபவருக்கெல்லாம் குளுக்கோஸ் ஏற்றும் வழக்கம் சிற்றூர்ச் சிகிச்சைக் கூடங்களில் பரவலாக உண்டு. நோயாளி தம் அறுவையைப் பற்றிச் சொல்லாவிடினும், உடன் செல்லும் ஊழியர் அதனைச் சொல்லிவிட்டால் ஓர் உயிர் பிழைக்கலாம்.

செய்யத்தக்கவை

நாம் வேண்டுவது புதிய திட்டமன்று; ஓர் அட்டை. அறுவை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும், அறுவையின் பெயர், நாள், உண்ணவேண்டிய மாத்திரைகள், ஆபத்துக் குறிகள், 'குளுக்கோசுக்கு முன் தயமின்' என்னும் எச்சரிக்கை ஆகியவற்றை நோயாளியின் தாய்மொழியில் எழுதித் தரவேண்டும். மாநில எல்லையிலுள்ள ஊர்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் அது இருத்தல் நலம். ஆஷா பணியாளரும் செவிலியரும் அந்த அட்டையைப் பார்த்துத் தம் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டால் போதும்.

வீடு செல்லும்போது கேட்கத்தக்க கேள்விகள் சில: வாந்தி உண்டா? மாத்திரை தவறுகிறதா? உடல்வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி உண்கிறாரா? குடலை இணைத்த அறுவைக்குப் பின் சாதாரண வலிமாத்திரைகள் பல, புண்ணும் இரத்தக் கசிவும் உண்டாக்கும், புகையிலையும் அவ்வாறே. மது விரைவாக இரத்தத்தில் ஏறும். முன்பு தாங்கிய அளவு இப்போது தாங்காது. எடை குறையக் குறைய நீரிழிவு மருந்தின் அளவையும் மருத்துவர் குறைக்கவேண்டும். பழைய அளவையே உண்பவர் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும். பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருவுறாதிருத்தல் தாய்க்கும் சேய்க்கும் நலம்.

ஆசிரியரின் பங்கு வேறு வகையானது. விருந்தோம்பலில் நம்மவர் பேர்போனவர்கள்; 'இன்னும் ஒரு கை' என்று இலையில் இடுவதே அன்பெனக் கொள்வர். சிறிதுண்டு எழுபவரை வற்புறுத்துதல் அவருக்குத் தீங்கு என்பதையும், பருமனையும் மெலிவையும் ஏளனம் செய்தல் பண்பன்று என்பதையும் வகுப்பில் கற்பித்தால், பாடம் மாணவர் வழியே வீடு சேரும்.

மிகச் சிலருக்காக இத்தனை பாடா என்று கேட்பாரும் உளர். தமிழ்நாட்டில் 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகள் வீடு தேடிச் செல்கின்றன. கேரளத்தில் 2017 இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தின் கீழ் குடும்ப ஆரோக்கிய மையங்கள் அமைந்தன. வாசல்வரை செல்லும் ஊழியர் கூடுதலாக நான்கு கேள்வி கேட்பது சுமையாகாது. அன்றியும், தொடர் வாந்தியில் தயமின் குறையும் என்னும் அறிவு, கருவுற்ற தாய்க்கும் குடிநோயாளிக்கும் அதே அளவு பயன்படும்.

அறுவை மருத்துவரின் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. அதன் பயனைக் காக்கும் வேலை நாள்தோறும் மூன்று வேளை நடைபெறுகிறது. அது நடைபெறும் இடம் சூரியநெல்லி போன்ற ஊர்களின் அடுப்பங்கரையே. ஆகவே அங்குள்ள ஊழியரையும் ஆசிரியரையும் இச்சிகிச்சையின் உறுப்பினராகக் கருதி, அவர்களுக்கு வேண்டிய அறிவை அளித்தல் மருத்துவமனைகளின் கடமை. கேட்டுப் பெறுதல் நம் உரிமை.